மூளைக்காய்ச்சலோ என்ற சந்தேகம்: வீட்டில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அது சாதாரண வைரஸ் காய்ச்சல்தான். இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். அப்படித் தணியாமல் ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடக்கூடியது மூளைக்காய்ச்சல். மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் உறையில் கிருமி தொற்றி வீங்குவதையே இங்கே மூளைக்காய்ச்சல் என்று எழுதுகிறேன். பாக்டீரியாவால் வந்தால் சிகிச்சை பெற்றாலும் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் இறக்கிறார். 5 பேரில் ஒருவருக்குக் காது கேளாமை, வலிப்பு போன்ற கடுமையான பாதிப்பு ஏற்படுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எனவே நாள் கணக்கில் காத்திருக்கக் கூடாது. மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அவசரப் பிரிவுக்குத் தாமதமாக வருகிறவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். செவிலியராக நின்று இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பச்சைக் குழந்தை என்றால் உரம் எடுக்கப் போயிருப்பார்கள். பெரியவர் என்றால் சுளுக்கு வழித்திருப்பார்கள். புள்ளிகளைப் பார்த்து அம்மை என்று வேப்பிலை வைத்திருப்பார்கள். அக்கறையோடு செய்ததெல்லாம் பொழுதைத் தின்றுவிடுகிறது. இன்னொரு பொதுவான தவறு, வெப்பமானியை மட்டும் பார்த்துக்கொண்டு ஆளைப் பார்க்காமல் விடுவது. கீழே உள்ள வரிசை இந்த இரண்டையும் தவிர்ப்பதற்காக அமைந்தது.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

டிஜிட்டல் வெப்பமானி ஒன்று. கையால் தொட்டுப் பார்ப்பது போதாது. வெயில் காலத்தில் தொடுகிற கையே சுடும்.

அடிப்பகுதி வரை தெளிவாகத் தெரியும் கண்ணாடி டம்ளர் ஒன்று. எவர்சில்வர் டம்ளர் மட்டுமே புழங்கும் வீடுகளில் அவசரத்தில் இது கிடைப்பதில்லை. தோலில் வரும் புள்ளியைச் சோதிக்க இது கட்டாயம் வேண்டும்.

வெள்ளை ஒளி தரும் டார்ச். மஞ்சள் பல்பின் கீழ் ஊதா நிறப் புள்ளி கண்ணுக்குத் தப்பிவிடும்.

குழந்தையின் தடுப்பூசி அட்டை. தமிழ்நாட்டில் 2011 டிசம்பர் முதல் தரப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியில், மூளைக்காய்ச்சலைத் தரும் ஹிப் என்ற பாக்டீரியாவுக்கான பாதுகாப்பு இருக்கிறது. மூளைக்காய்ச்சலைத் தரும் இன்னொரு பாக்டீரியாவான நிமோகாக்கஸுக்கான தடுப்பூசி 2021 முதல் அரசுத் திட்டத்தில் தரப்படுகிறது. பிறந்தவுடன் போடும் பிசிஜி, குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து பெருமளவு காக்கிறது. எது விட்டுப்போயிருக்கிறது என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும். ஆனால், எல்லா ஊசியும் போட்டாயிற்று என்பதால் இந்த நோய் வராது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இதற்குக் காரணமான கிருமிகள் பல. எல்லாவற்றுக்கும் தடுப்பூசி கிடையாது.

2. முதலில் உணர்வு நிலையைப் பாருங்கள்

வெப்பமானியை எடுப்பதற்கு முன் ஆளை எழுப்பிப் பேசுங்கள். மூளை பாதிக்கப்படுவதை நேராகக் காட்டும் அடையாளம் இதுதான். காய்ச்சலின் அளவு அதைக் காட்டாது.

பெரியவரிடம் பெயரைக் கேட்காதீர்கள். பாதி மயக்கத்திலும் பெயரைச் சொல்லிவிடுவார்கள். இன்று என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், யார் வந்துவிட்டுப் போனார்கள் என்று கேளுங்கள். பதில் தாமதமாகிறதா, சம்பந்தமில்லாமல் வருகிறதா, பேச்சின் நடுவிலேயே கண் செருகுகிறதா என்று கவனியுங்கள்.

குழந்தை என்றால், நன்றாக எழுந்த பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்கிறதா, பிடித்த பொருளைக் காட்டினால் கை நீட்டுகிறதா என்று பாருங்கள். காய்ச்சலில் சோர்ந்த குழந்தை, காய்ச்சல் சற்று இறங்கியதும் கொஞ்சமாவது விளையாடும். மருந்து கொடுத்து உடல் குளிர்ந்த பிறகும் துவண்டே கிடந்தால், அது வெறும் காய்ச்சல் சோர்வு என்று விட்டுவிடக் கூடாது.

வயதானவர்களிடம் இந்த அடையாளம்தான் பலமுறை தவறிப்போகிறது. பெரிய வீட்டில் அப்பத்தா தனியாக இருக்கிறார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். போனில் பேச்சு குழறினால், "வயதாகிவிட்டது" என்று வைத்துவிடுகிறார்கள். முதியவர்களுக்குக் காய்ச்சல் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். குழப்பம் மட்டுமே முதல் அறிகுறியாக இருக்கலாம். நேற்று வரை சரியாகப் பேசியவர் இன்று மாறிப் பேசினால் அது வயதினால் வந்ததன்று. வயது ஒரே இரவில் ஏறுவதில்லை. உடனே பக்கத்து வீட்டாரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளி என்றால் வீட்டுக் கருவியில் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். தாழ்சர்க்கரையும் இதே குழப்பத்தைத் தரும்.

3. பிறகு வெப்பமானி

காய்ச்சல் மருந்து கொடுப்பதற்கு முன் அளந்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். மருத்துவமனையில் முதலில் கேட்கப்படுவது இதுதான்.

3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தால், வேறு எந்த அறிகுறியும் தேவையில்லை, கிளம்பிவிடுங்கள். பச்சைக் குழந்தையின் உடல் சூடாகாமல் சில்லிட்டுப்போவதும் அதே அளவு ஆபத்து. 95.9-க்குக் கீழே இறங்கினால் அதுவும் தொற்றின் அடையாளமாக இருக்கலாம்.

பாராசிட்டமால் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கியது, ஆகவே பயமில்லை என்று நினைப்பது பரவலான தவறு. மூளைக்காய்ச்சலிலும் அந்த மாத்திரைக்குக் காய்ச்சல் இறங்கும்.

4. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனிப் பரிசோதனை

இந்த வயதில் கழுத்து விறைப்பு பெரும்பாலும் தெரியாது. குழந்தையால் தலைவலி என்று சொல்லவும் முடியாது. எனவே நான்கு இடங்களில் பார்க்க வேண்டும்.

தூக்கும்போது என்ன ஆகிறது? இதை நான் எல்லாத் தாய்மார்களுக்கும் செய்துகாட்டுவேன். அழும் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டால் அழுகை தணிய வேண்டும். மூளைக்காய்ச்சலில் இது தலைகீழாகிறது: பாயில் அசையாமல் கிடந்தால் முனகலோடு கிடக்கிறது, தூக்கினால் வீறிடுகிறது, தொட்டிலில் ஆட்டினால் இன்னும் வீறிடுகிறது. அசைக்கும்போது வீங்கிய உறை இழுபட்டு வலிப்பதே காரணம். "தூக்கினால்தான் அழுகிறான், போட்டால் அடங்குகிறான்" என்று ஒரு தாய் சொன்னால் நாங்கள் மற்ற வேலையை வைத்துவிட்டு அந்தக் குழந்தையிடம் போவோம்.

நம் ஊர்களில் உரம் விழுந்திருக்கிறது என்று சொல்வதும் இதே காட்சியைத்தான். தூக்கினால் அழுகை, கழுத்தைத் திருப்ப முடியவில்லை, பால் குடிக்கவில்லை. உடனே புடவையில் போட்டு உருட்டவும், தலைகீழாகப் பிடித்து உதறவும் அழைத்துப் போகிறார்கள். காய்ச்சல் உள்ள குழந்தையை, பால் மறுக்கும் குழந்தையை, உரம் எடுக்க எங்கும் கொண்டுபோகாதீர்கள். உருட்டுவது வலியைக் கூட்டும். போக வர ஆகும் நேரம் உயிருக்கு விலையாகும். பாட்டி கோபித்துக்கொண்டாலும் முதலில் மருத்துவமனை.

உச்சிக்குழி எப்படி இருக்கிறது? குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, அழுகை நின்ற பிறகு, விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். சமமாகவோ லேசாகக் குழிந்தோ இருப்பது இயல்பு. புடைத்து இறுகியிருந்தால் உள்ளே அழுத்தம் கூடியிருக்கிறது. படுத்திருக்கும்போதும் அழும்போதும் எல்லாக் குழந்தைக்கும் அது சற்று எழும்பும். அதனால்தான் நிமிர்த்தி, அமைதியாக இருக்கும்போது பார்க்கச் சொல்கிறேன். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் உச்சிக்குழி மூடிவிடும். அதன் பிறகு இந்தச் சோதனை உதவாது. வாந்தி பேதியால் உடல் வற்றிய குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்கியும் இருக்கலாம். புடைக்கவில்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அழுகையின் குரல் மாறியிருக்கிறதா? கீச்சென்று, மெல்லிய, இடைவிடாத குரலா? இதைத் தாய்தான் கண்டுபிடிப்பார். "இது என் பிள்ளையின் அழுகை இல்லை" என்று அவர் சொன்னால் நம்புங்கள்.

பால் குடிக்கிறதா? வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூட இறங்கவில்லை, வாயில் வைத்தால் தூங்கிவிடுகிறது, உடல் துவள்கிறது அல்லது பின்னோக்கி வில்லாக வளைகிறது என்றால் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம். கிளம்புங்கள்.

5. பெரியவர்களுக்கும் வளர்ந்த குழந்தைகளுக்கும் கழுத்து

வாயை மூடிக்கொண்டு தாடையை நெஞ்சில் தொடச் சொல்லுங்கள். சிறு பிள்ளையிடம், "உன் தொப்புளைப் பார்" என்றோ "முழங்காலுக்கு ஒரு முத்தம் கொடு" என்றோ சொன்னால் தானாகக் குனியும். குனிய முடியாமல் முதுகு வரை இழுத்து வலித்தால் அது விறைப்பு.

சுளுக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளாதிருக்க ஒரு வேறுபாடு. சுளுக்கில் ஒரு பக்கம் திரும்பும்போது வலிக்கும். முன்னே குனிவது ஓரளவு முடியும். மூளைக்காய்ச்சலில் பக்கவாட்டில் திருப்புவது பெரும்பாலும் முடியும். முன்னே குனிவதுதான் முடியாது. காய்ச்சலோடு வந்த கழுத்து வலிக்கு எண்ணெய் போட்டு வழிக்க வேண்டாம்.

நீங்களாகத் தலையைப் பிடித்து மடக்காதீர்கள். விழுந்து அடிபட்டவராக இருந்தால் கழுத்தைத் தொடவே கூடாது.

கழுத்து தளர்வாக இருக்கிறது என்பதால் நிம்மதி அடையவும் வேண்டாம். தொடக்க மணி நேரங்களில் விறைப்பு வராமல் இருக்கலாம்; முதியவர்களிடமும் தெளிவாகத் தெரியாமல் போகலாம்.

6. தலைவலி, வாந்தி, வெளிச்சம்

தலைவலியின் இடம் முக்கியமன்று. அதன் போக்குதான் முக்கியம். இதற்கு முன் இப்படி வலித்ததில்லை என்று சொல்லும் அளவுக்குக் கடுமை, மணிக்கு மணி கூடுதல், மாத்திரைக்கு அடங்காமை ஆகிய மூன்றையும் கேளுங்கள். சாப்பாட்டோடு தொடர்பில்லாமல் வாந்தி வந்தால், உணவு உள்ளே சிக்கிக்கொண்ட தொக்கம் என்று நினைத்து, தொண்டையில் ஊதி எடுக்கப் போகாதீர்கள்.

வெளிச்சம் பட்டால் கண் கூசுவதை நம் பக்கத்து வீடுகளில் கண்டுபிடிப்பது கடினம். முற்றத்தைத் தாண்டினால் உள்ளறைகள் பகலிலும் மங்கலாகவே இருக்கும். நோயாளி தானாகவே உள்ளறைக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்; ஓய்வெடுக்கிறார் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஒருமுறை முற்றத்துத் தாழ்வாரத்துக்கு வரச் சொல்லுங்கள். கண்ணைத் திறக்க மறுத்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

7. தோலும் கை கால்களும்

உடையைக் கழற்றி, பகல் வெளிச்சத்திலோ வெள்ளை டார்ச்சிலோ உடல் முழுவதும் பாருங்கள். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு ஊதாப் புள்ளிகள் எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், வயிறு, கீழ் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் தேடுங்கள்.

புள்ளி இருந்தால் கண்ணாடி டம்ளரின் பக்கத்தை அதன்மேல் வைத்து அழுத்தி, கண்ணாடி வழியே பாருங்கள். சாதாரணத் தடிப்பு அழுத்தும்போது மறையும். அழுத்தியும் மறையாவிட்டால் தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது. காய்ச்சலோடு இது இருந்தால் உயிராபத்து. அடுத்த சோதனைக்குப் போக வேண்டாம். டெங்குவிலும் இத்தகைய புள்ளி வரலாம்; அதற்கும் மருத்துவமனைதான் இடம்.

அம்மையா என்ற சந்தேகம் இங்கேதான் வருகிறது. சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளம் இருக்கும். மறையாத ஊதாப் புள்ளி அம்மை முத்து இல்லை. அம்மை வீட்டில் மருத்துவமனைக்குப் போகக் கூடாது என்ற வழக்கத்தை மதிக்கிறவர்களுக்கும் நான் சொல்வது: அம்மன் மீதுள்ள பக்தியை மருத்துவமனைக்குப் போவது எந்த வகையிலும் குறைக்காது.

புள்ளி இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. பல வகை மூளைக்காய்ச்சலில் புள்ளியே வராது. வரும் வகையிலும் தாமதமாகவே வரலாம். அதற்கு முன்பே ரத்தத்தில் தொற்று பரவுவதைக் கை கால்கள் சொல்லிவிடும்: உடல் கொதிக்கும்போது கை கால் மட்டும் சில்லிட்டிருத்தல், கால் வலிக்கிறது என்று குழந்தை நடக்க மறுத்தல், தோல் வெளிறித் திட்டுத் திட்டாக இருத்தல், வேகமான மூச்சு. நெஞ்செலும்பின் மேல் விரலால் 5 வினாடி அழுத்திவிட்டு விரலை எடுங்கள். 3 வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

8. எப்போது கிளம்புவது?

காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, உணர்வு மாற்றம் ஆகிய நான்கில் எந்த இரண்டு இருந்தாலும் சந்தேகிக்க வேண்டும். நெதர்லாந்தில் பாக்டீரியா மூளைக்காய்ச்சல் வந்த பெரியவர்களை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், காய்ச்சல், கழுத்து விறைப்பு, உணர்வு மாற்றம் மூன்றும் சேர்ந்து இருந்தவர்கள் 44 விழுக்காட்டினர் மட்டுமே. ஆனால் 95 விழுக்காட்டினரிடம் அந்த நான்கில் குறைந்தது இரண்டு இருந்தன. மூன்றும் வரட்டும் என்று காத்திருந்தால் பாதிப் பேரைத் தவறவிடுவோம்.

காய்ச்சலும் தலைவலியும் மட்டுமே என்றால் எல்லோரும் பதற வேண்டியதில்லை. ஆனால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வலி கடுமையாகவோ கூடிக்கொண்டோ இருந்தால் உடனே கிளம்புங்கள். அந்த இரண்டோடு குழப்பம், விறைப்பு, மறையாத புள்ளி, வலிப்பு, விடாத வாந்தி, சில்லிட்ட கை கால் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும், இரவு 2 மணியானாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

நாட்பட்ட காதுச் சீழ், மண்டையில் பழைய அடி, மண்ணீரல் அகற்றியவர், கட்டுப்பாடற்ற சர்க்கரை, கேட்கும் திறனுக்காகக் காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து ஆகியவை உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம் முடிவெடுங்கள்.

9. கிளம்பும்போது

108-ஐ அழையுங்கள். ஊர், அருகிலுள்ள கோயில், தெரு ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு என்றால், எந்தத் தெரு வாசலில் ஆள் நிற்பார் என்பதையும் சொல்லுங்கள். முகப்பில் ஆம்புலன்ஸ் காத்திருக்க, ஆட்கள் பின்வாசலில் நிற்பது நடக்கிறது.

மயக்கமாக இருப்பவரை இரு சக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்; வாந்தி மூச்சுக்குழலில் போகாது. தண்ணீர், பால், கஷாயம் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிப்பதையும் பல்லுக்கிடையில் கரண்டி வைப்பதையும் விட்டு, எவ்வளவு நேரம் நீடித்தது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அரைகுறை மருந்து அறிகுறியை மங்கச் செய்யும். பரிசோதனையில் கிருமி சிக்காமல் போகும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள்.

குழந்தைகள் மருத்துவரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடத்துக்கே போவது நல்லது. சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் நமக்கு மதுரையைவிடப் பக்கம். வழியிலேயே நிலைமை மோசமானால் அருகிலுள்ள மருத்துவமனையில் முதல் ஊசி போட்டுக்கொண்டு போகலாம். எங்கே நிறுத்துவது என்பதை ஆம்புலன்ஸ் ஊழியரின் தீர்ப்புக்கு விடுங்கள்.

10. மருத்துவமனையில் முதல் வாக்கியம்

"காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "காய்ச்சலோடு குழப்பமாகப் பேசுகிறார், குனிய முடியவில்லை, காலை 6 மணிக்குத் தொடங்கியது, மூளைக்காய்ச்சலோ என்று பயமாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். எழுதி வைத்த தாளைக் கொடுங்கள்.

முதுகில் ஊசி குத்தி, தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரைச் சோதனைக்கு எடுக்க வேண்டும் என்பார்கள். கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்து பலர் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல், இரண்டாம் முள் அளவில் முடிந்துவிடும். ஊசி அதற்கும் கீழேதான் இறங்குகிறது. அங்கே நீரும் நரம்பிழைகளும்தான் இருக்கின்றன. எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்தைச் சரியான நாள் வரை கொடுக்க முடியும். ஸ்கேன் எடுக்கவோ நீர் எடுக்கவோ தாமதமானால் மருந்தை மருத்துவர்கள் முன்பே தொடங்கிவிடுவார்கள், அதைத் தடுக்காதீர்கள்.

11. மெதுவாக வரும் வகையும் அரிதான வகையும்

காசநோய் மூளைக்காய்ச்சல் வாரக்கணக்கில் ஊர்ந்து வரும். லேசான மாலைக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைதல், விட்டுவிட்டு வாந்தி, குணத்தில் மாறுதல். பிறகு இரட்டைப் பார்வை, மாறுகண். வீட்டில் காசநோயாளி இருந்தால் அல்லது இருந்திருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். வெட்கத்தால் மறைத்த அந்தத் தகவல்தான் பலமுறை நோயைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடுகிறது.

கண்மாயிலோ குளத்திலோ முழுகிக் குளித்த 12 நாள்களுக்குள் காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு போன்ற மூளைக்காய்ச்சல் அறிகுறிகள் வந்தால் அதையும் சொல்லுங்கள். வெதுவெதுப்பான தேங்கிய நன்னீர் மூக்கு வழியே ஏறினால் மூளையைத் தாக்கும் அமீபா மிக அரிதானது. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் இது பலரைத் தாக்கியது. அந்த நீரைக் குடிப்பதால் இது வருவதில்லை.

12. வீடு திரும்பும்போது

மூளைக்காய்ச்சலைத் தரும் பாக்டீரியாக்களில் ஒன்றான மெனிங்கோகாக்கஸ் என்று உறுதியானால், ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் தடுப்பு மருந்து உடனே தருவார்கள். ஊருக்குப் போய்விட்ட உறவினர்களையும் அழைத்துச் சொல்லுங்கள். தெருவே ஒதுங்கிப் போக வேண்டியதில்லை. நெருங்கிப் பழகியவர்களுக்கே பரவும். ஹஜ், உம்ரா பயணம் போகிறவர்களுக்குச் சவூதி அரசு இந்தக் கிருமிக்கான தடுப்பூசியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் நாட்டின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை.

குழந்தை பிழைத்து, சிரித்து விளையாடத் தொடங்கியதும் மறந்துபோவது செவித்திறன் சோதனை. வீடு திரும்புவதற்கு முன்போ, அதிகபட்சம் 4 வாரத்துக்குள்ளோ அதைச் செய்துவிடுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறது என்பது போதாது. ஒரு காது மட்டும் போயிருக்கலாம். இரண்டு காதும் போயிருந்தால் உட்காதில் எலும்பு வளர்ந்து மூடுவதற்கு முன் காக்ளியர் கருவி பொருத்த வேண்டும். சிறு குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் அதே மருத்துவமனையிலுள்ள திட்ட அலுவலரிடம் விசாரித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.